வெள்ளை யூனிஃபார்மும் பத்து மா நிலமும்

ஒவ்வொரு வருஷமும் குடியரசு தினத்துக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

"சார், இந்தத் தடவையாவது யூனிஃபார்ம்ல வாங்க சார். மெடலையும் குத்திக்கிட்டு வந்தீங்கன்னா பசங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்."

மாட்டேன் என்பேன். வேட்டி சட்டையில் வருகிறேன், கொடி ஏற்றுகிறேன், மிட்டாயும் கொடுக்கிறேன், அதை மட்டும் போட மாட்டேன். அவர் இதை என் அடக்கம் என்று நினைத்துக்கொண்டு போகிறார். எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. இருபத்தொன்பது வருஷம் கடற்படையில் இருந்தேன். ஒரு போரில் கப்பலின் என்ஜின் ரூமுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி நான். அந்த யூனிஃபார்மைப் பம்பாயிலும் விசாகப்பட்டினத்திலும் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். எங்கள் தாலுகாவில் மட்டும் ஒரே ஒரு நாள் போட்டேன். அந்த ஒரு நாளில் என் அக்காவின் நிலம் கைவிட்டுப் போக இருந்தது. அதற்கப்புறம் அது பெட்டிக்குள் போனது. அங்கேயே கிடக்கட்டும்.

எங்கள் ஊர் திருக்கடையூருக்குக் கிழக்கே, காவிரியின் கடைசி வாய்க்கால்கள் கடலுக்குள் போகிற பக்கம். கடல் இரண்டு மைல்தான். காற்று திரும்பினால் அலைச்சத்தம் கேட்கும். ஆனாலும் எங்கள் தெருவில் எனக்கு முன்னால் யாரும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் வாய்க்கால் தண்ணீர். அதுவும் கடைமடை என்பதால், மேலே இருக்கிறவர்கள் எல்லாம் குடித்து, குளித்து, பாய்ச்சி முடித்த பிறகு வருகிற தண்ணீர்.

அப்பாவுக்குப் பத்து மா நிலம் குத்தகை. அரை வேலி, மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். சொந்தக்காரர் மாயவரத்தில் இருந்த ஒரு மிராசுதார். அவரை அப்பா வாழ்நாளில் நாலைந்து முறை பார்த்திருந்தால் அதிகம். எங்களுக்கு மிராசுதார் என்றால் அவருடைய காரியக்காரர்தான். நிலங்களை மேற்பார்வை பார்த்து, குத்தகை நெல்லை வாங்கிக்கொண்டு போகிறவர். குடை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. திட்டாமல் அவர் பேசியும் கேட்டதில்லை. "சாப்பிட்டியா" என்பதைக்கூடத் திட்டித்தான் கேட்பார். நெல் கொடுத்ததற்கு ரசீது தர மாட்டார். ரசீது கேட்டவனுக்கு அடுத்த வருஷம் நிலம் இருக்காது. அதனால் நாங்கள் மூன்று தலைமுறையாக உழுத நிலத்தில் நாங்கள்தான் உழுகிறோம் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

என் அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வந்த மறுநாள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கடற்படைக்கு ஆள் எடுத்தார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். எடுத்துக்கொண்டார்கள். செய்தி காரியக்காரர் காதுக்குப் போனதும் அவர் குடையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இவன் போயிட்டா ஏர் புடிக்க யாருடா இருக்கா? ஒனக்கே மூச்சு வாங்குது. ஆள் இல்லாதவனுக்கு நெலம் எதுக்கு?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அக்கா, முறத்தைக் கீழே வைக்காமலே வெளியே வந்தாள்.

"நான் இருக்கேன்."

"நீயா? பொம்பள ஏர் ஓட்டி எந்த ஊர்ல பாத்த?"

"நீங்க எந்த ஊர்லயும் பாக்கலன்னா இந்த ஊர்ல பாருங்க."

எங்கள் பக்கத்தில் பெண்கள் நடுவார்கள், களை எடுப்பார்கள், அறுப்பார்கள், கட்டுச் சுமப்பார்கள். முதுகு ஒடிகிற வேலையெல்லாம் அவர்களுடையது. ஏரை மட்டும் தொடக்கூடாது. பெண் மேழியைப் பிடித்தால் மழை பொய்த்துவிடும் என்பார்கள். நான் கப்பலேறிய மறு வருஷம், அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானபோது, அக்கா ஏர் பிடித்தாள். ஊர் வாயில் விரலை வைத்தது. அந்த வருஷம் மழை ஊரையே முக்கியெடுத்தது. அதற்கும் அவளைத்தான் திட்டினார்களாம்.

இதெல்லாம் எனக்குக் கடிதத்தில் வந்த செய்தி. நான் அதைச் சிரித்துக்கொண்டே படித்து, பக்கத்துக் கட்டில்காரனுக்கும் சொன்னேன். ஒரு வேடிக்கைக் கதை மாதிரி. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், கரி துடைக்கிற மாலுமியாகச் சேர்ந்தேன். பரீட்சை எழுதினேன், தோற்றேன், மறுபடி எழுதினேன். இந்தி தெரியாது என்று சிரித்தவர்களுக்கு நடுவில் இந்தியும் இங்கிலீஷும் கற்றேன். பன்னிரண்டாம் வருஷம் அதிகாரி ஆனேன். அதிகாரியாக முதல் லீவில் ஊருக்கு வந்தபோது, காரியக்காரர் குடியிருந்த தெரு வழியாகச் சாதாச் சட்டை, பேன்ட்டில், பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸோடு நடந்தேன். அந்தத் தெருவில் எங்கள் தெருக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை, பயம். அக்கா மட்டும் பூட்ஸைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒரு தடவதான் போனியா? திரும்பி வரும்போதும் அந்தத் தெரு வழியாவே வா."

திரும்பியும் அந்த வழியாகவே வந்தேன்.

அப்போது ஆட்சி மாறியிருந்தது. டீக்கடைக் கொடிக்கம்பத்தில் கறுப்பு சிவப்பு ஏறியது. வாய்க்கால் கரையில் செங்கொடி ஏறியது. கூலி உயர்வு கேட்டவர்கள் மேல் அடியாட்கள் பாய்ந்த காலம். குடிசைகள் எரிந்த காலம். மிராசுதார்கள் சும்மா இருக்கவில்லை. டிராக்டர் ஒன்றை வாங்கி நிறுத்திக்கொண்டு, குத்தகைக்காரன் என்று எங்களுக்கு யாரும் கிடையாது, எல்லாம் சொந்தச் சாகுபடி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ரசீது இல்லாதவன் எதை வைத்து இல்லை என்பது?

பிறகு போர் வந்தது.

எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான். சொல்லி முடித்துவிடுகிறேன். நான் எதிரியைப் பார்க்கவில்லை. என் இடம் கப்பலின் வயிற்றில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. அங்கே வெயில் கிடையாது, வானம் கிடையாது. கொதிகலனின் சூடும் எண்ணெய் நாற்றமும் காதை அடைக்கிற சத்தமும்தான். மேலே குண்டு விழுந்தால் எங்களுக்குக் கால் வழியாகத் தெரியும். ஒருநாள் மிக அருகில் விழுந்த அதிர்ச்சியில் கடல்நீர்க் குழாய் ஒன்று இணைப்பில் வாய் பிளந்தது. தண்ணீர் பீறிட்டு வந்தது. பம்பு ஒரு பக்கம் இறைக்க, நான் போர்வையைச் சுருட்டிப் பிளவில் திணித்து, பலகை வைத்து, மர ஆப்பு அடித்து, என் முதுகால் அதை அழுத்திக்கொண்டு நின்றேன். வாய்க்கால் கரை உடைந்தால் வைக்கோல் பிரியைத் திணித்து, முளைக்குச்சி அடித்து, களிமண்ணை மிதிப்போமே, அதேதான். என்ஜின் நிற்கவில்லை. கப்பல் திரும்பியது. எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

அதே மாதத்தில் எங்கள் ஊரில் புயல் அடித்திருக்கிறது. வடிகால் வழியாக உப்புத்தண்ணீர் எதிர்த்து ஏறி வயலுக்குள் வந்திருக்கிறது. அக்கா தனியாக நின்று கரையை அடைத்திருக்கிறாள். அந்த வாரத்திலேயே அப்பா இறந்துபோனார். தந்தி என்னைத் தேடித் துறைமுகம் துறைமுகமாக அலைந்து, என் கைக்கு வந்தபோது பதினாறு நாள் ஆகிவிட்டது. கொள்ளி வைக்கப் பங்காளி வீட்டுப் பையனைக் காரியக்காரர் ஏற்பாடு செய்தாராம். கொள்ளி வைத்தவனை வாரிசு என்று சொல்லி, நிலத்தை விட்டுக்கொடுத்ததாக அவனிடம் கைநாட்டு வாங்கிவிடலாம் என்பது கணக்கு. அக்காவுக்கு அது புரிந்துவிட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு அவளே சுடுகாட்டுக்கு நடந்தாள். அவளே கொள்ளி வைத்தாள். ஊர் அதையும் பேசியது.

எனக்குப் பதக்கம். அவளுக்குப் பேச்சு.

போர் முடிந்து மூன்று வருஷம் கழித்து அவளிடமிருந்து கடிதம். குத்தகைக்காரர்களைப் பதிவு செய்யச் சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது, மனுக் கொடுத்தால் விசாரித்துப் பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள், எழுதிவிட்டால் அப்புறம் யாரும் வெளியேற்ற முடியாது, மனுவை உறையில் வைத்திருக்கிறேன், பூர்த்தி செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பு என்று. விசாரணை அன்று லீவு போட்டு வா என்றும் எழுதியிருந்தாள்.

மனுவில் ஒரு வரி: சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பெயர். பேனாவை எடுத்தேன். என் பெயரை எழுதினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மகன் நான், அதிகாரி நான், வேறு யார் பெயரை எழுதுவது? அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தாள் போல.

விசாரணை நாள் காலையில் நான் வெள்ளை யூனிஃபார்மை எடுத்து உதறினேன். பதக்கத்தைக் குத்தினேன். அக்கா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

"இத அவுத்துட்டு வேட்டியக் கட்டுடா."

"ஏன்?"

"நாம உழுவுறவங்கன்னு சொல்லப் போறோம். கல்யாணத்துக்கா போறோம்?"

"நான் அட்மிரல் கூடக் கைகுலுக்கினவன். இந்தக் குடைக்காரன் முன்னாடி வேட்டியோட போயி நிக்கச் சொல்றியா? இதப் பாத்தா தாசில்தாரே எழுந்து நிப்பாரு, பாரு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுந்து நிற்பார் என்று நான் சொன்னது நடந்தது. தாலுகா கச்சேரிக்குள் நான் நுழைந்ததும், பதிவு அதிகாரியாக உட்கார்ந்திருந்த தாசில்தார் பாதி எழுந்தார். பியூன் நாற்காலி போட்டான். என்னைத் தவிர மனுக் கொடுத்த எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். அக்காவும் அவர்களோடு நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மிராசுதார் தரப்பில் காரியக்காரரும் ஒரு வக்கீலும் வந்திருந்தார்கள். வக்கீல் எழுந்து முதலில் எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"போரிலே தாங்கள் செய்த சேவைக்கு இந்தத் தாலுகாவே கடமைப்பட்டிருக்கு. அந்த மெடல் எதுக்குக் கொடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

சொன்னேன். குழாய் வெடித்தது முதல் கப்பல் திரும்பியது வரை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"சர்வீஸ் எத்தனை வருஷங்க?"

"பதினேழு."

"இந்த வருஷம் எத்தனை நாள் லீவு கெடச்சுது?"

"பதினோரு நாள். போர்க்காலத்துக்கப்புறம் அவ்வளவுதான் கெடைக்கும்."

வக்கீல் அதிகாரி பக்கம் திரும்பினார்.

"உழவு, நாத்து, நடவு, களை, அறுப்பு, போரடிப்பு எல்லாத்தையும் பதினோரு நாள்ல முடிச்சிருக்காருங்க. கடற்படைன்னா சும்மாவா!"

கச்சேரியே சிரித்தது. சுவரோரம் நின்ற எங்கள் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வக்கீல் விடவில்லை. வயலுக்குத் தண்ணீர் எந்த மடை வழியாகப் பாய்கிறது என்று கேட்டார். இதுகூடத் தெரியாதா எனக்கு? "வடமேற்கு மூலை மடை" என்றேன், கட்டளை கொடுக்கிற குரலில்.

"அந்த மடைய அடச்சு வருஷக்கணக்காச்சுங்க. இப்ப தெக்கு வாய்க்கால்லேருந்து பாயுது. பண்ணை ஆளுங்க மாத்தினாங்க" என்றார் வக்கீல். காரியக்காரர் தலையை ஆட்டினார். "இந்தக் கைய பாருங்க, இந்த உடுப்பப் பாருங்க. இவரு மாசச் சம்பளம் வாங்குற ஆபீசர். இவரு சேத்துல எறங்கி உழுவுறாருன்னா நாங்க நம்பணுமா?"

சட்டம் அப்படித்தான் சொன்னது. தானோ தன் குடும்பத்தாரோ உடம்பு நோக உழைக்க வேண்டும். அப்போதுதான் குத்தகைதாரர். நான் உடம்பெல்லாம் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டு போய், எங்களுக்கு எதிரான சாட்சியாக நடுநாயகமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி நல்ல மனிதர். தள்ளுபடி செய்துவிடாமல், வருகிற வியாழக்கிழமை வயலிலேயே வந்து விசாரிக்கிறேன் என்று எழுதினார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கி வரப்பில் நடக்கும்போதுதான் நின்றாள். நான் வக்கீலைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

"அவன் என்னடா தப்பாச் சொன்னான்?" என்றாள்.

"என்ன?"

"நீ எப்ப ஏர் புடிச்ச? மடைய நான் மாத்தி மூணு வருஷமாச்சு. ஒனக்கு எழுதினேன். படிச்சியா?"

படித்திருப்பேன். ஞாபகம் இல்லை.

"நெலம் போனா நீ கப்பலுக்குப் போயிடுவ. நான் எங்கடா போவேன்?"

அவள் கேட்டதில் அழுகை இல்லை. வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். குண்டு விழுந்தபோது பயப்படாத எனக்கு அந்த வரப்பில் பயம் வந்தது. இவளை நான் இத்தனை வருஷம் வயலைப் பார்த்துக்கொள்கிறவள் என்றே நினைத்திருந்தேன். என்னுடைய வயலை.

புரட்டாசி. வியாழக்கிழமை காலையில் அக்கா நடவு வைத்திருந்தாள். விசாரணைக்காக நடவை நிறுத்தச் சொன்னேன். நாற்று காத்திருக்காது என்று சொல்லிவிட்டாள். அதிகாரியும் குமாஸ்தாவும் வக்கீலும் காரியக்காரரும் வரப்பில் வரிசையாக வந்தபோது, அவள் பெண்களோடு சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். இந்த முறை எனக்கு யாரும் நாற்காலி போடவில்லை.

"இவங்கல்லாம் யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"கூலி ஆளுங்கதாங்க. பண்ணையிலேருந்து வச்சது" என்றார் வக்கீல்.

"அந்த அம்மா?"

"அவுங்களும் கூலிதாங்க. இன்னிக்கு இங்க, நாளைக்கு வேற வயல்."

அதிகாரி தெற்கு மடைக்கு நடந்து போய்ப் பார்த்தார். பழைய வடமேற்கு மடை அடைபட்டு, அதன் மேல் புல் முளைத்திருந்தது. காரியக்காரர் பக்கம் திரும்பி, "இத ஏன் மாத்துனீங்க? பழைய மடைக்குத்தானே வாய்க்கால் பக்கம்?" என்று கேட்டார்.

காரியக்காரர் வாயைத் திறந்து மூடினார். அவருக்கு ஏன் என்று தெரியாது.

சேற்றுக்குள்ளிருந்து அக்கா நிமிர்ந்தாள். "புயலுக்கு அந்த மூலைல உப்பு ஏறிடுச்சுங்க. அங்கேருந்து தண்ணி வுட்டா உப்பு வயல் பூரா பரவுது. தெக்கேருந்து வுட்டா உப்பக் கழுவிக்கிட்டு அந்தப் பக்கம் வடிஞ்சிடும். மொத வருஷம் பாதி கருதுதான் வந்துச்சு. இப்ப தேவலை."

அவ்வளவுதான் சொன்னாள். அதோடு விட்டிருந்தால் காரியக்காரர் பிழைத்திருப்பார். ஆனால் எதிரே அவள் நிற்கிறாள், வாய் திறந்து பேசுகிறாள். இருபது வருஷப் பழக்கம் மனிதனைச் சும்மா விடுமா? குடையை வரப்பில் ஓங்கிக் குத்தினார்.

"பெரிய மேதாவி! அப்பவே சொன்னேன், மடைய மாத்தாதேன்னு. கேட்டியா? யாரக் கேட்டு மாத்துன? பொம்பள ஏர் ஓட்டக் கூடாதுன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன், அதயும் கேக்கல. ஒங்கப்பன் படுத்ததுலேருந்து இந்த வயல்ல ஒன் இஷ்டத்துக்குத்தான் எல்லாம் நடக்குது! யாரு பேச்ச நீ கேட்ட?"

வக்கீல் இருமினார். இன்னும் பலமாக இருமினார். காரியக்காரர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

அதிகாரி குமாஸ்தாவிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க. அப்பா படுத்ததுலேருந்து இந்த அம்மாதான் ஏர் ஓட்டுறாங்க, அவங்கதான் மடைய மாத்துனாங்க. சரிதானே? எழுதிக்கிறேன்."

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். காரியக்காரர் குடையை விரித்தார். வெயில்கூட இல்லை.

வக்கீல் கெட்டிக்காரர். உடனே வேறு வழி பிடித்தார். "அப்படியே இருந்தாலும் மனு இவரு பேர்ல இருக்குங்க. கட்டிக்குடுத்த அக்கா இவரு குடும்பத்துல சேத்தியுமில்ல. தாங்களே பாருங்க. இந்த அம்மா மனுதாரர் இல்லையே."

அதிகாரி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவள் அடுத்த நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நான் செய்ததைத்தான் என் வாழ்க்கையில் உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். தலைமை ஆசிரியர் என்ன நினைத்தாலும் சரி.

"வக்கீல் அன்னிக்குச் சொன்னது அத்தனையும் உண்மை" என்றேன். "நான் ஆபீசர். மாசச் சம்பளம் வாங்குறவன். இந்த வயல்ல நான் கால் வச்சுப் பல வருஷமாச்சு. மடை எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியல. இங்க உழுவுறது எங்கக்கா. எம் பேர அடிங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

குமாஸ்தாவின் பேனாவை வாங்கி, வரப்பில் குந்தி, அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதினேன். இந்த நிலத்தை நான் சாகுபடி செய்யவில்லை. அப்பா காலத்திலிருந்து என் அக்காதான் சாகுபடி செய்கிறாள். கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருஷம் எத்தனையோ என்ஜின் பதிவேடுகளில் கையெழுத்துப் போட்டவன். இதைப் போடும்போதுதான் முதுகு நிமிர்ந்தது.

புது மனுவில் கையெழுத்துப் போட அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் வரப்பேறி வந்து, நேரே வாய்க்காலுக்குப் போனாள். கை கழுவினாள். முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்த சேற்றை ஒவ்வொரு விரலாக எடுத்தாள். மிராசுதாரின் வக்கீலும் காரியக்காரரும் சர்க்கார் அதிகாரியும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. நான் அதை ரசித்துப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கையெழுத்துக்கு முன்னால் குமாஸ்தா ஒரு கேள்வி கேட்டான். அது மனுவில் இருக்கிற கேள்வி. "சாகுபடியில் உழைக்கும் குடும்ப உறுப்பினர் வேறு யாராவது?"

அக்கா என்னைப் பார்த்தாள். அன்று அவள் என்னைப் பார்த்தது அப்போதுதான்.

"இப்போதைக்கு யாரும் இல்லீங்க" என்றாள்.

அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது. மிராசுதார் மேலே அப்பீல் போனார். அங்கேயும் காரியக்காரர் சொன்னதை எழுதிய காகிதம்தான் முன்னால் வந்து நின்றது. அவர் பிழைப்பெல்லாம் திட்டித்தான் ஓடியது, அதுவே அவருக்கு வினையாயிற்று. நிலம் நின்றது.

நான் கப்பலுக்குத் திரும்பினேன். இன்னும் பன்னிரண்டு வருஷம். பதவி உயர்வு வந்தது, ஓய்வும் வந்தது. கம்பெனிக் கப்பல்களில் நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். விசாகப்பட்டினத்தில் வீடு பார்த்துக் கொடுப்பதாகச் சொன்னார்கள். எதற்கும் தலையாட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். அக்காவுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. வயலில்தான் இருந்தாள்.

"எனக்கு வேல இருக்கா?" என்று கேட்டேன்.

கிண்டல் என்று நினைத்தாளோ என்னவோ, என் காலைக் குனிந்து பார்த்தாள். "செருப்பக் கழட்டிட்டு எறங்கு" என்றாள்.

இறங்கினேன். முதல் நாளே நடவுப் பெண்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் நாற்றுப் பறிப்பார்கள், நட மாட்டார்கள். ஆபீசர் பொம்பளை வேலை செய்கிறார் என்று டீக்கடையில் பேச்சு. பேசட்டும். அவள் ஏர் பிடித்தபோதும் பேசினார்கள். என் வரிசை கோணியது. முதுகு மூன்று நாள் எழவில்லை. நாலாம் நாள் மறுபடி இறங்கினேன். அந்தத் தை மாதம் அறுத்தோம். அடுத்த வருஷமும் நட்டேன். அதற்கடுத்த வருஷமும். வரிசை இன்னும் கொஞ்சம் கோணிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தாம் வருஷம் கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டைப் புதுப்பிக்க வந்தார். புதுப் பையன், எங்களை அவருக்குத் தெரியாது. நான் வயலுக்குள் இருந்தேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலியில் அவள் அந்த வருஷம் அதிகம் இறங்கவில்லை. அவர் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிக் கேள்வி வந்தது.

"சாகுபடியில் உழைக்கும் குடும்ப உறுப்பினர் யாராவது இருக்காங்களாம்மா?"

நான் குனிந்தபடியே நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஒரு ஆள் இருக்கான். எழுதிக்குங்க" என்றாள். "நடவு கொஞ்சம் கோணும்."